ஒரே ஓனர், ரெண்டு கட்டடம்: மவுன்ட் ரோடு சொல்லும் கதை

ஒரு பழைய கட்டடத்தை இடிக்கப் போறாங்கன்னு நியூஸ் வந்தா நாம என்ன செய்வோம்? ஸ்டோரி போடுவோம், பெட்டிஷனில் கையெழுத்து போடுவோம். யாராவது கோர்ட்டுக்குப் போய் தடை வாங்கிட்டா, அப்பாடா, பிழைச்சிடுச்சுன்னு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவோம். இன்னைக்கு நாம பேசப்போற கட்டடத்துக்குக் கோர்ட்டும் ஆச்சு, தடையும் ஆச்சு, தெளிவான தீர்ப்பும் வந்தாச்சு. அதுக்கப்புறமும் அது பாழாகிக்கிட்டே நின்னது. அது ஏன்னு பார்ப்போம்.

இடம், அண்ணா சாலை. இங்கே எல்லாருக்கும் தெரிஞ்ச கட்டடம் எல்ஐசி. பழைய படங்களில் ஹீரோ ஊரிலிருந்து மெட்ராஸுக்கு வந்துட்டான்னு காட்டணும்னா முதல் ஷாட் சென்ட்ரல் ஸ்டேஷன், அடுத்த ஷாட் எல்ஐசி. 1959ல் திறந்தப்போ இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான், 177 அடி. இன்னைக்கு அங்கே இருக்குற மெட்ரோ ஸ்டேஷனுக்கும் அதே பேர்.

அங்கிருந்து நடந்து போற தூரத்தில், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வந்து சேருற முனையில், இன்னொரு கட்டடம் இருக்கு. வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க ஜி.பி. ரோடு போனவங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க. செங்கல், வளைவு, உச்சியில் கூம்பு கூம்பா கோபுரங்கள். பேர் பாரத் இன்ஷூரன்ஸ் பில்டிங். அதுக்கும் ஓனர் எல்ஐசிதான்.

ஒரே ரோடு, ஒரே ஓனர். ஒண்ணு ஊருக்கே அடையாளம். இன்னொண்ணை இடிக்கக் கூடாதுன்னு ஹைகோர்ட்டே சொல்ல வேண்டியிருந்தது.

மருந்துக் கடைக்கு ஒரு மாளிகை

பாரத் பில்டிங்கைக் கட்டினது 1897ல். அப்போ அதோட பேர் கார்டில் பில்டிங். கட்டினவங்க டபிள்யூ. இ. ஸ்மித் அண்ட் கம்பெனி. மருந்து வியாபாரிகள், ஊட்டியில் தொடங்கி மெட்ராஸுக்கு வந்தவங்க.

மருந்து விக்க இவ்வளவு பெரிய மாளிகையான்னு கேட்பீங்க. அந்தக் கால மவுன்ட் ரோடு அப்படி. வெள்ளைக்கார அதிகாரிகளும் ஜமீன்தார்களும் வந்து இறங்குற கடைத்தெரு. ஸ்பென்சர்ஸ் பெரிய ஸ்டோர், ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, கடிகாரத்துக்குப் பி. ஆர் அண்ட் சன்ஸ். கடையோட கௌரவம் முகப்பில் தெரியணும். ஸ்மித் கம்பெனி கட்டினது அன்னைக்கு ஃபேஷனா இருந்த இந்தோ-சராசெனிக் பாணியில். முகலாயக் கட்டடக் கலை, கோயில் கட்டடக் கலை, ஐரோப்பிய கோத்திக் மூணையும் கலந்து இங்கே பிரிட்டிஷ் ஆட்சியில் உருவான பாணி அது. ஹைகோர்ட், எழும்பூர் மியூசியம் பக்கமெல்லாம் போனா அதே சாயலைப் பார்க்கலாம்.

1934ல் இந்தக் கட்டடத்தைப் பாரத் இன்ஷூரன்ஸ் வாங்கினது. லாலா ஹர்கிஷன் லால் 1896ல் லாகூரில் தொடங்கின ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அது. கட்டடத்தை வாங்கின ரெண்டே வருஷத்தில் அந்த நிறுவனம் தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா கைக்குப் போகுது.

இங்கேதான் மவுன்ட் ரோடு கதை டெல்லி அரசியலோட போய் முடிச்சுப் போடுது. பாலிசிதாரர்கள் கட்டின பணத்தை டால்மியா தன் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பிவிட்டார்னு 1955 கடைசியில் நாடாளுமன்றத்தில் ஃபெரோஸ் காந்தி போட்டு உடைக்கிறார். பின்னாடி வழக்கு நடந்து டால்மியா சிறைக்கும் போனார். இந்த மாதிரி மோசடிகளைக் காரணம் காட்டித்தான் 1956ல் ஆயுள் காப்பீடு முழுக்க தேசியமயம் ஆச்சு. 245 நிறுவனங்களை ஒண்ணாக்கி எல்ஐசி பிறந்தது. பாரத் இன்ஷூரன்ஸ் போனது, அதோட மவுன்ட் ரோடு மாளிகையும் போனது.

எல்ஐசி கட்டடமும் எல்ஐசிக்கு அப்படித்தான் வந்தது. அதைக் கட்ட ஆரம்பிச்சவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கைத் தொடங்கினவர். தன்னோட யுனைட்டெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கின வேலை அது. 1954ல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்துட்டார். கட்டடம் முடியறதுக்குள்ள தேசியமயம் வந்துட்டது, எல்ஐசி முடிச்சுத் திறந்தது. ஆக, ரெண்டு கட்டடமும் ஒரே சட்டத்தால் ஒரே ஓனர்கிட்ட வந்து சேர்ந்தவை. ஒண்ணு புது இந்தியாவோட கனவு மாதிரி இருந்தது. இன்னொண்ணு, அப்போதே அறுபது வயசாகப் போற பழைய கட்டடம்.

விளம்பர போர்டு காப்பாத்தின கட்டடம்

பல வருஷம் அங்கே ஆபீஸ்கள், வாடகைதாரர்கள் எல்லாம் இருந்தாங்க. பிறகு கட்டடம் பாதுகாப்பா இல்லைன்னு சொல்லிக் காலி பண்ணாங்க. 2006ல் இடிக்கிற வேலை ஆரம்பிச்சது. இன்டாக் அமைப்பு ஹைகோர்ட்டுக்குப் போய் தடை வாங்கறதுக்குள்ள ஒரு பகுதி போயே போச்சு.

கோர்ட்டில் வந்த பெரிய சிக்கல் என்ன தெரியுமா? பாரம்பரியக் கட்டடம்னு சொல்றீங்களே, எந்தச் சட்டத்தில் அப்படி எழுதியிருக்கு? கோயிலுக்கும் கோட்டைக்கும் தொல்லியல் துறை இருக்கு. நூறு வருஷக் கடைக்கும் பங்களாவுக்கும் அப்போ சென்னையில் உருப்படியான பாதுகாப்பு ஏதும் இல்லை.

கைகொடுத்தது சம்பந்தமே இல்லாத ஒரு ஃபைல். நகரம் முழுக்க ராட்சத விளம்பர போர்டு வெச்சிருந்த காலம் அது. அதை ஒழுங்குபடுத்த ஓய்வுபெற்ற நீதிபதி ஈ. பத்மநாபன் தலைமையில் ஹைகோர்ட் ஒரு கமிட்டி போட்டிருந்தது. பழமையான கட்டடங்களை மறைக்கிற போர்டுகளை எடுக்கணும்னா, முதலில் எவை பழமையானவைன்னு பட்டியல் வேணும் இல்லையா? அப்படித் தயாரானதுதான் 467 கட்டடங்கள், இடங்கள் அடங்கின பட்டியல்.

2010ல் ஹைகோர்ட் தீர்ப்பு வந்தது. பாரத் பில்டிங்கை இடிக்கக் கூடாது. பட்டியலில் உள்ள எதிலும் கை வைக்கணும்னா அதுக்கான பாரம்பரியக் கமிட்டியோட அனுமதி வேணும். சென்னையில் பழைய கட்டடங்களுக்குக் கிடைச்ச முதல் பெரிய கவசம் இதுதான். சட்டமன்றமும் 2012ல் பாரம்பரிய ஆணையச் சட்டத்தை நிறைவேத்தினது. ஆனா அது நடைமுறைக்கு வந்தது 2024ல்தான்.

தீர்ப்பு கூரை போடாது

இப்போ நாம ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். தீர்ப்புக்கு அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் பாரத் பில்டிங் பூட்டின நிலையிலேயே இருந்தது. சுவரில் ஆலும் அரசும் வேர்விட்டது. யாரும் இடிக்கலை, அதுவா இடிஞ்சுக்கிட்டு இருந்தது.

இதைப் புரிஞ்சுக்க, இந்தக் கட்டடங்களோட கூரையைப் புரிஞ்சுக்கணும். நம்ம ஊர் பேரையே தாங்கின ஒரு கூரை இருக்கு, மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையா சுவரிலிருந்து சுவருக்குப் போடுவாங்க. மேல மெல்லிசான சின்னச் செங்கல்களைச் செங்குத்தா நிறுத்தி, குறுக்குச் சாய்வா, சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியா ஓடு. வெயிலுக்கு இதமான கூரை, நல்லா பார்த்துக்கிட்டா நூறு வருஷம் தாண்டும்.

அந்த "நல்லா பார்த்துக்கிட்டா"தான் சிக்கல். ஒரு மழைநீர்க் குழாயில் இலை அடைச்சா தண்ணி தேங்கும், கசியும், சுவருக்குள்ள சொருகியிருக்கிற தேக்குக் கட்டையோட முனை மக்கும். ஆபீஸ் நடக்கிற இடமா இருந்தா அடுத்த நாளே ஒருத்தர், "சார், என் டேபிள் மேல ஒழுகுது"ன்னு சொல்லுவார். ஆள் ஏறி இலையை எடுப்பார், ஓட்டை மாத்துவார், செலவு கம்மி. பூட்டின கட்டடத்தில் அதைச் சொல்ல ஆளே இல்லை. அஞ்சு மழைக்காலம் போனா கட்டை உடையும், கூரை உள்வாங்கும், அப்புறம் இன்ஜினியர் வந்து "ஆபத்தான கட்டடம்"னு எழுதுவார். அவர் எழுதறது உண்மையாவும் இருக்கும்.

கோர்ட்டால் சுத்தியலை நிறுத்த முடியும். தினமும் அந்த வீட்டுக்குள்ள போய் வர ஒரு ஆளை அதால் உண்டாக்க முடியாது.

எரிஞ்ச அரண்மனை திரும்பி வந்தது

ஆள் இருந்தா என்ன நடக்கும்னு பார்க்க, அண்ணா சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம், சேப்பாக்கத்துக்கு வாங்க. மேட்ச் பார்க்கப் போறப்போ ஸ்டேடியம் பக்கத்தில் ஒரு சிவப்புக் கட்டடத் தொகுதி தெரியுமே, அதுதான் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768ல் கட்டின சேப்பாக்கம் அரண்மனை. கடைசி நவாப் 1855ல் வாரிசில்லாமல் இறந்ததும் பிரிட்டிஷார் அதை ஏலத்தில் விட்டு, அரசாங்கமே எடுத்துக்கிட்டது. பிறகு ராபர்ட் சிஷோம் நடுவில் கோபுரம் எழுப்பினார், உள்ளே அரசு ஆபீஸ்கள் வந்தன. நவாபோட மாளிகை, ஃபைல் அடுக்குற இடமா மாறி ஒன்றரை நூற்றாண்டு ஓடிடுச்சு.

2012 ஜனவரி, பொங்கல் சமயம். விடியற்காலையில் கலச மஹாலில் தீ. கூரை இடிஞ்சு விழுந்தது. அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருத்தர் உயிரிழந்தார். பழைய கட்டடத்தை அலட்சியமா வெச்சுக்கிட்டா என்ன விலை கொடுக்கணும்னு அன்னைக்குத் தெரிஞ்சது. பாரம்பரியம்னு நாம பேசறப்போ அந்த உயிரையும் சேர்த்தே நினைக்கணும்.

இடிச்சுத் தள்ளிட்டுப் புதுசா கட்டிடலாம்னு சொல்ல அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனா பொதுப்பணித் துறை அதை மீட்டது. சிமென்ட் இல்லாமல், சுண்ணாம்பை அரைச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி கலந்து பூசினாங்க. இது பழமைப் பாசத்துக்காக இல்லை. பழைய செங்கல் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுற செங்கல். அது மேல சிமென்ட் பூசினா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும், செங்கல் உதிரும். சுண்ணாம்பு மூச்சு விடும்.

இன்னைக்கு கலச மஹாலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென் மண்டல அமர்வு நடக்குது. தினமும் வக்கீல்கள் வராங்க, வழக்கு நடக்குது. ஒழுகினா உடனே தெரியும். பக்கத்தில் இருந்த ஹுமாயூன் மஹாலும் பிறகு அதே முறையில் சீரமைக்கப்பட்டது.

இதுக்கு நேர் எதிரான உதாரணம் கொஞ்ச தூரத்திலேயே இருக்கு. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தோட செனட் ஹவுஸ், சிஷோம் 1870களில் கட்டினது. பல்கலைக்கழகத்தோட 150வது ஆண்டையொட்டி அருமையா சீரமைச்சாங்க. ஆனா உள்ளே தினசரி என்ன நடக்கணும்னு முடிவாகலை. அதனால பல வருஷம் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது.

திரும்ப மவுன்ட் ரோடுக்கு வந்தா, ஹிக்கின்பாதம்ஸ். 1844ல் தொடங்கின கடை, இப்போ இருக்கிற கட்டடம் 1904லேர்ந்து. அன்னைக்கும் புத்தகம் வித்தாங்க, இன்னைக்கும் விக்கிறாங்க. அதைக் காப்பாத்த யாரும் ஊர்வலம் போகலை. தினமும் காலையில் ஷட்டர் திறக்குது, அவ்வளவுதான்.

ஓனர் பக்கத்து நியாயம்

ஓனர்களை வில்லனாக்கிட்டுப் போறது சுலபம். ஆனா அண்ணா சாலையில் ஒரு கிரவுண்டு நிலத்தோட மதிப்பை யோசிங்க. ரெண்டு, மூணு மாடிப் பழைய கட்டடம் நிக்கிற இடத்தில் விதிப்படி அதைவிடப் பல மடங்கு சதுர அடி கட்டலாம். "இடிக்காதே"ன்னு சொல்றப்போ அந்த வருமானத்தை விட்டுடுன்னுதான் சொல்றோம். ஊருக்கே சொந்தமான அழகுக்கு ஒருத்தர் மட்டும் ஏன் செலவு பண்ணணும்?

இதுக்குப் பல நகரங்கள் கண்டுபிடிச்ச வழி, கட்டும் உரிமையை இடம் மாத்துறது. டிடிஆர்னு சொல்லுவாங்க. உங்க பழைய கட்டடத்து மேல நீங்க கட்டாமல் விட்ட சதுர அடியை, நகரத்தோட வேற பகுதியில் கட்டுற ஒருத்தருக்கு வித்துக்கலாம். கட்டடம் நிக்கும், பணமும் வரும். மும்பையில் ரொம்ப நாளாவே இருக்கு. சென்னையோட 2008 இரண்டாவது மாஸ்டர் பிளான் விதிகளிலும் இதுக்கு இடம் கொடுத்திருக்காங்க. ஆனா, விதியில் இருக்கிறது வேற, ஓனர் நம்பி இறங்கற அளவுக்கு அது நடைமுறையில் சுலபமா இருக்கிறது வேற.

எல்லாப் பழைய கட்டடத்தையும் வெச்சுக்க முடியாது, அது தேவையும் இல்லை. நகரம்னா மாறத்தான் செய்யும். ஆனா இழந்தா என்ன ஆகும்னு நமக்கு அனுபவம் இருக்கு. 1900ல் திறந்த மூர் மார்க்கெட் 1985ல் எரிஞ்சது. இன்னைக்கு அந்த இடத்தில் சென்ட்ரல் புறநகர் ரயில் கட்டடம். பழைய புத்தகக் கடைக்காரங்க பக்கத்தில் வேற இடத்துக்குப் போனாங்க, ஆனா அந்தக் கூட்டம் அப்படியே கூட வரலை. போனது செங்கல் மட்டும் இல்லை, அதை நம்பி இருந்த ஒரு வியாபாரம், ஒரு பழக்கம்.

அதனால அடுத்த தடவை "இத்தனை கோடியில் பழமையான கட்டடம் புதுப்பிப்பு"ன்னு செய்தி வந்தா, சந்தோஷப்படுங்க, கூடவே ஒரு கேள்வி கேளுங்க. திறப்பு விழா முடிஞ்ச அடுத்த திங்கட்கிழமை காலையில், அந்தக் கதவை யார் திறப்பாங்க? நூலகமா, கோர்ட்டா, கடையா, கல்லூரியா? பதில் தெளிவா இருந்தா கட்டடம் பிழைக்கும். பதில் இல்லைன்னா இன்னும் பத்து வருஷத்தில் அதே கட்டடத்துக்கு இன்னொரு பெட்டிஷனில் நாம கையெழுத்து போட்டுக்கிட்டு இருப்போம்.

உங்க ஏரியாவில் இப்படிப் பூட்டிக் கிடக்கிற கட்டடம் இருந்தா, அதில் என்ன நடக்கலாம்னு நீங்க நினைக்கிறீங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.