ஐடியூன்ஸில் ஃபிளாக் கோப்புகள்

ஃபிளாக் என்பது ஒலியை எவ்வித இழப்பும் இன்றிச் சுருக்கிச் சேமிக்கும் கட்டற்ற கோப்பு வடிவம் ஆகும். ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் மென்பொருளும், 2019இல் மாக் கணினிகளில் அதன் இடத்துக்கு வந்த மியூசிக் செயலியும் இவ்வடிவத்தைத் தம் இசைத்தொகுப்பில் ஏற்பதில்லை. எனவே அத்தொகுப்பில் ஃபிளாக் பாடல்களைக் கேட்க விரும்புவோர் அவற்றை வேறோர் இழப்பற்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டியுள்ளது. முறையாக மாற்றினால் ஒரு பிட் கூடக் குறையாது. தவறாக மாற்றினாலோ இழப்பு உடனே செவிக்குப் புலப்படுவதில்லை. சிக்கல் அங்குதான் உள்ளது.

இழப்பற்ற சுருக்கம்

ஒலிக் குறுந்தகட்டில் ஒவ்வொரு வினாடியும் 44,100 மாதிரிகளாக, மாதிரிக்கு 16 பிட் வீதம், இரு தடங்களில் பதியப்படுகிறது. இதன்படி ஒரு மணிநேர இசை ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் கொள்ளும். எம்பி3, ஏஏசி போன்ற வடிவங்கள் செவி உணராது எனக் கருதப்படும் பகுதிகளை நீக்கிவிடுவதால் கோப்பு மிகவும் சிறிதாகிறது. நீக்கியதை மீண்டும் பெற இயலாது. எம்பி3 கோப்பை ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பெரிதாகுமே தவிர, தரம் உயராது.

ஃபிளாக் எதையும் நீக்குவதில்லை. முந்தைய மாதிரிகளைக் கொண்டு அடுத்த மாதிரியின் மதிப்பைக் கணித்து, கணிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதி வைக்கிறது. வேறுபாடுகள் பெரும்பாலும் சிறிய எண்கள் என்பதால் குறைந்த பிட்டுகளே போதுமானவை. கோப்பைத் திறக்கும்போது மூல மாதிரிகள் அப்படியே திரும்பக் கிடைக்கின்றன.

வரலாறு

ஃபிளாக்கை ஜோஷ் கோல்சன் என்பவர் 2000ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கினார். இதன் முதல் நிலையான பதிப்பு 2001 சூலையில் வெளிவந்தது. 2003இல் இத்திட்டம் சிஃப்.ஆர்க் அறக்கட்டளையுடன் இணைந்தது. ஆப்பிள் இதனை ஏற்காமல், 2004இல் ஆப்பிள் லாஸ்லெஸ் என்னும் தனது சொந்த இழப்பற்ற வடிவத்தை ஐடியூன்ஸுடன் வெளியிட்டது. சுருக்கமாக அலாக் எனப்படும் இதன் மூலநிரலை 2011இல் கட்டற்ற உரிமத்தில் வழங்கியது. 2017இல் வெளியான மாக் ஓஎஸ் ஹை சியர்ரா இயங்குதளம் ஃபிளாக் கோப்புகளை இசைக்கக் கற்றுக்கொண்டது. ஆயினும் அதே கணினியின் இசைத்தொகுப்பு மென்பொருள் அவற்றைத் தொடர்ந்து புறக்கணித்தது. ஆகவே தடை தொழில்நுட்பம் சார்ந்ததன்று என்றே கொள்ள வேண்டும்.

மாற்றும் முறை

கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டை மாற்றுவதால் பயனில்லை. உள்ளிருக்கும் தரவு ஃபிளாக்காகவே இருக்கும். மாக் கணினியில் எக்ஸ்எல்டி, விண்டோசில் ஃபூபார்2000, இரண்டிலும் லினக்சிலும் எஃப்எஃப்எம்பெக் ஆகியவற்றைக் கொண்டு ஃபிளாக்கை நேரடியாக அலாக்காக மாற்றலாம். பாடல், பாடகர் பெயர் போன்ற விவரங்களும் உடன் செல்லும். ஃபிளாக் இவ்விவரங்களை யூனிகோடில் சேமிப்பதால் தமிழ் எழுத்துகளுக்கும் இடையூறில்லை. மூலம் 24 பிட்டாக இருப்பின் வெளியீடும் 24 பிட்டாகவே அமைய வேண்டும். 16 பிட்டாகக் குறைத்தால் அது இழப்பற்ற மாற்றம் ஆகாது.

முதலில் வேவ் வடிவத்துக்கு மாற்றி, பின்னர் ஐடியூன்ஸுக்குள்ளேயே மற்றொரு முறை மாற்றுவோரும் உண்டு. இவ்வழியில் பாடல் விவரங்கள் பெரும்பாலும் தொலைந்துவிடுகின்றன. மேலும் ஐடியூன்ஸின் இறக்குமதி அமைப்பு இயல்பாக இழப்புள்ள ஏஏசி வடிவத்தில் இருக்கும். ஏஏசி, அலாக் இரண்டுக்கும் எம்4ஏ என்பதே பின்னொட்டு என்பதால் பெயரைப் பார்த்து வேறுபாடு அறிய முடியாது. பாடலின் தகவல் சாளரத்தில் வகை ஆப்பிள் லாஸ்லெஸ் எனக் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பதே உறுதியான வழி. வினாடிக்கு 256 கிலோபிட் என்று காட்டினால் அது அநேகமாக ஏஏசி கோப்பு.

மூலக்கோப்பைப் பேணுதல்

அலாக்கிலிருந்து மீண்டும் ஃபிளாக்குக்குத் திரும்பலாம் என்பதால், மாற்றியபின் மூலத்தை அழித்துவிடப் பலர் எண்ணுவர். வன்தட்டில் இடமிருப்பின் அதனைத் தவிர்ப்பது நன்று. வழக்கமாக ஒவ்வொரு ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியிலும், சுருக்கப்படாத ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 சரிபார்ப்பு எண் பதிந்திருக்கும். பல ஆண்டுகளுக்குப் பின்னும் கோப்பைச் சோதித்து, ஒலி மாறாமல் உள்ளதா, வன்தட்டின் பழுதால் சிதைந்ததா என்று இதனால் அறிய முடியும். அலாக் வடிவத்தில் இத்தகைய எண் இல்லை. எனவே மூலத்தை அழிப்பவர் ஒலியை இழப்பதில்லை. அதன் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் வழியை இழக்கிறார். குறுந்தகடு கீறல் விழுந்தோ கைமாறியோ போய்விட்ட பதிவுகளுக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.