பட்டியலும் மதிப்புரையும்: பட்டியல்தள மென்பொருளின் வளர்ச்சி குறித்து ஓர் ஆய்வு

உணவகமோ மருத்துவமனையோ பயிற்சி நிலையமோ, எதைத் தேடினாலும் நாம் போய்ச் சேரும் இணையதளங்கள் இன்று ஒரே சாயலில் இருக்கின்றன. மேலே பெயர், முகவரி, படம், வரைபடம்; கீழே நட்சத்திரங்களும் வாடிக்கையாளர்கள் எழுதிய மதிப்புரைகளும். இத்தகைய தளங்களைக் கட்டித்தரும் மென்பொருள்களை விற்பவர்கள் வசதிகளை நீளமாக அடுக்குகிறார்கள். அவற்றுள் எது தேவை, எது வெறும் அலங்காரம் என்பதை விளம்பரத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வசதியும் எந்தக் கோளாறைத் தீர்க்கப் பிறந்தது என்று பார்த்தால்தான் தெரியும். பட்டியல், மதிப்புரை என்பவை நலன்களால் முரண்பட்ட இரு மரபுகள். இரண்டும் ஒரே மென்பொருளுக்குள் குடியேறியபோது எழுந்த உரசல்தான் பயனுள்ள வசதிகள் பலவற்றுக்கும் பிறப்பிடம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அச்சுக் காலத்தின் இரு மரபுகள்

1878 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளிவந்த முதல் தொலைபேசிக் கையேடு ஒற்றைத் தாள்தான். அதில் 50 பதிவுகள் இருந்தன, எண்கள் இல்லை. ஆனால் வீடுகள், மருத்துவர்கள், கடைகள் என்று வகை பிரித்திருந்தார்கள். 1886இல் சிகாகோவில் ரூபன் டொனெலி தொழில்வாரியான கையேட்டைக் கொண்டுவந்தார். மஞ்சள் பக்கங்கள் என்ற பெருந்தொழில் அங்கிருந்து வளர்ந்தது. அதன் வருமானம் பட்டியலில் இடம்பெறும் கடைக்காரரிடமிருந்து வந்தது. பெரிய கட்டம் வேண்டுமானால் கூடுதல் பணம். கடை நல்லதா கெட்டதா என்று கையேடு ஒரு சொல்லும் சொல்லாது. சொன்னால் பணம் தருபவர் போய்விடுவார்.

வழிகாட்டி நூல்களின் மரபு வேறு. பிரான்சின் மிஷெலின் டயர் நிறுவனம் 1900இல் வாகன ஓட்டிகளுக்காக இலவசக் கையேடு வெளியிட்டது. 1920இல் அதற்கு விலை வைத்தது. கட்டண விளம்பரங்களையும் நிறுத்தியது. 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் தரத் தொடங்கி, 1931இல் மூன்று படிநிலைகளை வகுத்து, 1936இல் அவற்றுக்கான அளவுகோல்களை வெளியிட்டது. இந்த வரிசை கவனிக்கத்தக்கது. விளம்பரம் வெளியேறிய பிறகே தீர்ப்பு உள்ளே வந்தது. 1979இல் நியூயார்க்கில் டிம் சகாத், நீனா சகாத் தம்பதியர் அந்தத் தீர்ப்பை வல்லுநர்களிடமிருந்து வாங்கிச் சாப்பிடுகிறவர்களிடம் கொடுத்தார்கள். உணவு, உள்ளமைப்பு, உபசரிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே 30க்கு இத்தனை என்று மதிப்பெண். இன்றைய மதிப்புரை மென்பொருள்களில் காணும் பல்கூறு மதிப்பீட்டின் அச்சு வடிவம் அதுவே. சமையல் பிரமாதம், பரிமாறுபவர் சிடுசிடுப்பு என்கிற கடைக்கு மொத்தமாக மூன்று நட்சத்திரம் போட்டால் படிப்பவருக்கு இரண்டுமே தெரியாமல் போகும்.

மரக்கிளையிலிருந்து கூறுகளுக்கு

இணையம் வந்தபோது முதலில் இடம்பிடித்தது பட்டியல் மரபுதான். 1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ தொடங்கிய யாஹூ, 1998இல் தன்னார்வலர்களை நம்பித் தொடங்கிய டிமோஸ் ஆகிய இரண்டும் மரக்கிளை வடிவத்தில் வகை பிரித்தன. அவற்றைப் பார்த்து, சிறு தளங்கள் தாமே நிறுவிக்கொள்ளும்படியான பெர்ல், பிஎச்பி நிரல்களும் வந்தன. ஒரு பதிவுக்கு ஒரு கிளை, அதற்குள் தலைப்பும் இரண்டு வரி விளக்கமும் என்பதே அவற்றின் அமைப்பு.

இந்த அமைப்பின் குறை விரைவில் வெளிப்பட்டது. மதுரையில் இரவு பத்து மணிக்குப் பின்னும் திறந்திருக்கும், சைவம் மட்டும் விற்கும், குடும்பத்தோடு உட்காரக்கூடிய கடை வேண்டும் என்பவருக்கு எந்தக் கிளையைக் காட்டுவது? ஊர்வாரியாகப் பிரித்தால் நேரம் கிடைக்காது. நேரவாரியாகப் பிரித்தால் ஊர் சிதறிப்போகும்.

இந்தச் சிக்கலுக்கான கோட்பாட்டுத் தீர்வு இணையத்துக்கு வெகு முன்பே சென்னையில் உருவாகியிருந்தது. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றிருந்தபோது, கடையொன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். ஒரே துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டி வெவ்வேறு பொருள்களைச் செய்துகாட்டிய அந்தக் காட்சி, நூற்பகுப்புக்கும் ஒரு வழியை அவருக்குக் காட்டியது. ஒரு நூலை முன்கூட்டியே வரைந்த மரத்தின் ஒரே கிளையில் தொங்கவிட வேண்டியதில்லை. அதன் கூறுகளைத் தனித்தனியே குறித்துவைத்து, தேவைப்படும்போது இணைத்துக்கொள்ளலாம். 1933இல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறை இந்த அடிப்படையில் எழுந்தது.

கணினித் தேடலில் கூறுவழி வடிகட்டுதல் என்று இன்று வழங்குவது இந்தச் சிந்தனை மரபில் வருவதே. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டி ஹெர்ஸ்ட் குழுவினர் நடத்திய ஃபிளமெங்கோ ஆய்வுத் திட்டம் அதன் இடைமுகத்தைச் சோதித்துச் செம்மைப்படுத்தியது. பிறகு நடந்தது நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. மின்னணுப் பொருள்களைப் பட்டியலிட்டு மதிப்புரை வெளியிட்டுவந்த சிநெட் நிறுவனத்தில் யோனிக் சீலி 2004இல் சோலர் என்ற தேடுபொறியை எழுதினார். 2006இல் அது அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டுத் திறமூலமானது. இடப்பக்கத்தில் விலை, நிறுவனம், திரையளவு என்று வடிகட்டிகளும், ஒவ்வொன்றின் அருகிலும் எத்தனை பொருள் என்ற எண்ணிக்கையும் வருமே, அந்த வசதி எல்லோருக்கும் எட்டியதில் சோலருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த எண்ணிக்கையைச் சிறு விஷயமாக நான் கருதவில்லை. எந்த வடிகட்டியை அழுத்தினால் வெற்றுப் பக்கம் வரும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

புலங்கள், அட்டவணைகள்

கூறுகளைத் தனித்தனியே குறிக்க வேண்டுமானால் தளம் நடத்துபவர் தமக்கு வேண்டிய புலங்களைத் தாமே சேர்த்துக்கொள்ள முடிய வேண்டும். திருமண மண்டபத்துக்கு இருக்கைகளின் எண்ணிக்கை, பல் மருத்துவருக்குப் பட்டம், வாடகை வீட்டுக்கு முன்பணம் என்று ஒவ்வொரு துறைக்கும் புலங்கள் வேறு. உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள் இதைப் பரவலாக்கின. அவற்றுள் ஒன்றான துருப்பலில் சிசிகே என்ற கூறுதொகுதி நிரல் எழுதாமலே புலம் சேர்க்க வழிசெய்தது. 2005இல் மாம்போ என்ற அமைப்பிலிருந்து பிரிந்த ஜூம்லாவுக்கு ஜேரிவியூஸ் போன்ற நீட்சிகள் எழுந்தன. பதிவு வகை ஒவ்வொன்றுக்கும் தனிப் புலங்கள், தனி மதிப்பீட்டுக் கூறுகள் என்ற அமைப்பு அவற்றில் முதிர்ந்தது. வேர்ட்பிரஸ் 2010 ஜூனில் வெளியிட்ட 3.0 பதிப்பு, தனிவகைப் பதிவுகளை எளிதில் உருவாக்க வழிதந்தது. வலைப்பதிவுக் கருவியாக இருந்த அது பட்டியல்தளக் கருவியாகவும் மாறியது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மென்பொருள் வாங்குவோர் பலர் இதைக் கேட்பதே இல்லை. வேர்ட்பிரஸ் தன் இயல்பில் ஒவ்வொரு புலத்தின் மதிப்பையும் துணைத்தகவல் அட்டவணையில் தனி வரிசையாக வைக்கிறது. ஒரு பதிவுக்கு 20 புலங்கள் என்றால் 20 வரிசைகள். 10,000 பதிவுகளுக்கு 2 லட்சம். ஊர், நேரம், உணவு வகை என்று மூன்று கூறுகளால் வடிகட்டினால் அந்த அட்டவணையைப் பதிவு அட்டவணையோடு மூன்று முறை பிணைக்க வேண்டும். ஐநூறு பதிவு வரை எதுவும் தெரியாது. தளம் பெருகும்போது பக்கம் திறக்க நேரமாகும். ஜியோடைரக்டரி போன்ற செருகுநிரல்கள் இதனால்தான் பதிவுகளுக்கென்று தனி அட்டவணை அமைத்து, ஒரு புலத்துக்கு ஒரு நெடுவரிசை என்று வைக்கின்றன. முகப்பு வடிவத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தின் அடித்தளத்தை மாற்றுவது பெரும்பாடு.

வடிகட்டும் கூறுகளில் இடமும் ஒன்று. இடம்சார் தேடலின் வரலாறு குறுகியது. 2005இல் விளம்பரத் தளமான கிரெய்க்ஸ்லிஸ்ட்டின் வாடகை அறிவிப்புகளைப் பால் ராடமேக்கர் கூகுள் வரைபடத்தில் பொருத்திக் காட்டினார். அதே ஆண்டு ஜூனில் கூகுள் தன் வரைபட இணைப்பைப் பிறருக்கும் திறந்துவிட்டது. அருகில் உள்ளவை என்ற பொத்தான் அதன்பின் எல்லாப் பட்டியல்தளங்களுக்கும் வந்தது.

சராசரியின் அநீதி

பட்டியலில் யார் முதலில் வருவது என்ற கேள்விக்கு மஞ்சள் பக்கங்கள் இரண்டு விடை வைத்திருந்தன: அகர வரிசை அல்லது பணம். மதிப்புரை சேர்ந்ததும் மூன்றாவது விடை கிடைத்தது: நட்சத்திரங்களின் சராசரி. பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இந்த விடை பெரிய அநீதியைச் செய்கிறது.

இரண்டு கடைகளை எடுத்துக்கொள்வோம். முதல் கடைக்கு 2 மதிப்புரைகள், இரண்டும் ஐந்து நட்சத்திரம்; சராசரி 5. இரண்டாவது கடைக்கு 200 மதிப்புரைகள், சராசரி 4.6. வெறும் சராசரியில் முதல் கடைதான் மேலே நிற்கும், அந்த இரண்டையும் கடைக்காரரின் உறவினரே எழுதியிருந்தாலும். திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபி தன் சிறந்த படங்களின் வரிசைக்கு எடையிட்ட சராசரியைக் கையாண்டு இதற்கு வழிகாட்டியது. ஒவ்வொரு பதிவுக்கும் தளத்தின் பொதுச் சராசரி கொண்ட கற்பனை வாக்குகள் சிலவற்றைச் சேர்த்துக் கணக்கிடுவதுதான் முறை. பொதுச் சராசரி 3.9, கற்பனை வாக்குகள் 25 என்று வைத்தால் முதல் கடை 3.98க்கு இறங்கும், இரண்டாவது கடை 4.52இல் நிற்கும். இருநூறு பேரின் சொல்லுக்கு அதற்குரிய கனம் கிடைக்கிறது. 2009இல் எவன் மில்லர் எழுதிய கட்டுரை, எட்வின் வில்சன் 1927இல் தந்த புள்ளியியல் வாய்பாட்டை, வாக்குகளைக் கொண்டு பதிவுகளை வரிசைப்படுத்தப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ரெட்டிட் தளம் அம்முறையைக் கருத்துகளை வரிசைப்படுத்த ஏற்றுக்கொண்டது. மென்பொருளின் வசதிகளில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கலாம் என்றால், வரிசை எந்தக் கணக்கில் அமைகிறது என்று கேட்பேன்.

கணக்குச் சரியாக இருந்தாலும் உள்ளே வரும் வாக்குகள் சமநிலையாக இருப்பதில்லை. மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் கொதித்தவருமே எழுத முன்வருகிறார்கள். நடுவில் உள்ளவர் பேசாமல் போய்விடுகிறார். ஹூ, பவ்லூ, ஜாங் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, வணிகத்தள மதிப்பெண்களின் பரவல் நடுவில் பள்ளமாகவும் மேல்முனையில் குவிந்தும் இருப்பதைக் காட்டியது. எந்த நட்சத்திரத்துக்கு எத்தனை பேர் என்று காட்டும் பட்டைப்படம் சராசரிக்குப் பக்கத்தில் அவசியமாவது இதனால்தான்.

பொய்யுரைகள்

2004 பிப்ரவரியில் அமேசானின் கனடா தளத்தில் ஒரு கோளாறு நேர்ந்தது. பெயர் மறைத்து எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் சில நாள் வெளியே தெரிந்தன. எழுத்தாளர்கள் சிலர் தம் நூல்களைத் தாமே புகழ்ந்து எழுதியிருந்தது அம்பலமானது. வாங்கியவர்தானா என்று உறுதிப்படுத்தும் முத்திரை பின்னாளில் வழக்கத்துக்கு வந்தது. இத்தகைய உறுதிப்பாட்டின் பலனை மெய்ஸ்லின், டோவர், செவாலியர் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் அளந்தார்கள். யாரும் எழுதக்கூடிய டிரிப்அட்வைசரையும், அறை எடுத்துத் தங்கியவர் மட்டுமே எழுதக்கூடிய எக்ஸ்பீடியாவையும் விடுதிவாரியாக ஒப்பிட்டார்கள். பக்கத்தில் போட்டி விடுதி இருந்தால் முதல் தளத்தில் வசைகள் கூடுதலாக இருந்தன. யார் எழுதலாம் என்ற ஒரே ஒரு விதி தீர்ப்பின் நிறத்தையே மாற்றிவிடுகிறது.

2004இல் தொடங்கிய மதிப்புரைத் தளமான யெல்ப் தானியங்கி வடிகட்டியை நம்பியது. பாஸ்டன் நகர உணவகங்களை ஆராய்ந்த லூக்காவும் ஜெர்வாஸும் சுமார் 16 விழுக்காடு மதிப்புரைகள் அப்படி ஒதுக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். இங்குதான் இரு மரபுகளும் நேருக்கு நேர் மோதின. விளம்பரம் தருபவர் தமக்குப் பிடித்த ஒரு மதிப்புரையை உச்சியில் நிறுத்திக்கொள்ள யெல்ப் இடமளித்திருந்தது. பணம் தந்தால் நல்லது மேலே வரும், தராவிட்டால் ஒளிந்துகொள்ளும் என்று வணிகர்கள் வழக்குத் தொடுத்தனர். 2010 ஏப்ரலில் யெல்ப் அந்த வசதியை எடுத்துவிட்டது. வடிகட்டி ஒதுக்கியவற்றை யாரும் பார்க்கவும் வழிசெய்தது. வழக்குகள் 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தள்ளுபடியாயின. வாசகருக்கு மிஞ்சிய நன்மை அந்த இரு மாற்றங்களே. கட்டணப் பதிவுக்கு உரிய இடம் தரவரிசைக்கு வெளியே, விளம்பரம் என்ற குறிப்போடு இருக்க வேண்டும். நீக்கிய உரையும் நீக்கிய காரணமும் பதிவேட்டில் தங்க வேண்டும். இவ்விரண்டையும் செய்ய முடியாத மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் மதிப்புரைத் தளம் நடத்துவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

கடைக்காரருக்கும் நியாயம் வேண்டும். பதிவு தமக்குரியது என்று சான்று காட்டி உரிமை கோருதல், குறைசொன்னவருக்குப் பொதுவில் பதில் எழுதுதல் ஆகியவை இந்தத் தேவையில் எழுந்தவை. பதில் எழுதலாம், அழிக்கக் கூடாது என்பதுதான் எல்லைக்கோடு. இந்தியத் தரநிலைகள் பணியகம் 2022 நவம்பரில் வெளியிட்ட ஐஎஸ் 19000 தரநிலை, எழுதுபவரை மின்னஞ்சல், தொலைபேசி போன்ற வழிகளில் உறுதிப்படுத்துவதையும், பாதகமான உரைகளை அமுக்காதிருப்பதையும் எதிர்பார்க்கிறது. வெளியானபோது அதைப் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

தேடுபொறியும் தமிழும்

தேடல் முடிவிலேயே நட்சத்திரங்களைக் காட்டும் வழக்கத்தைக் கூகுள் 2009 மே மாதம் தொடங்கியது. 2011 ஜூனில் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஸ்கீமா குறிமுறை அதற்கு ஒரு பொதுவடிவம் தந்தது. நிறுவனங்கள் தம் சொந்தத் தளத்திலேயே தமக்கு நட்சத்திரம் சூட்டிக்கொள்ளத் தொடங்கவே, 2019 செப்டம்பரில் கூகுள் அவற்றைக் காட்டுவதை நிறுத்தியது. மூன்றாமவர் நடத்தும் பட்டியல்தளத்தின் நட்சத்திரத்துக்கு இன்றும் இடம் உண்டு. தன்னைத் தானே மதிப்பிடுவது மதிப்புரை ஆகாது என்ற பழைய முறைமை இப்போது குறிமுறைக்குள்ளும் வந்திருக்கிறது.

தமிழில் தளம் நடத்துவோர் கேட்டுப்பெற வேண்டிய வசதி ஒன்று உண்டு. திருநெல்வேலியில், திருநெல்வேலிக்கு, திருநெல்வேலியின் என்று வேற்றுமை உருபுகள் ஒட்டிய சொற்களை மென்பொருள் வெவ்வேறு சொற்களாக எண்ணினால், மதிப்புரைகளுக்குள் தேடுவது பாதி வீண். உருபு நீக்கி வேர்ச்சொல்லைக் காணும் தமிழ் நிரல் ஸ்னோபால் தொகுப்பில் சேர்ந்து, 2019இல் வெளியான போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் 12ஆம் பதிப்போடு கிடைக்கத் தொடங்கியது. நெல்லை என்று தட்டினாலும் ஆங்கில எழுத்தில் தட்டினாலும் திருநெல்வேலிப் பதிவுகள் வர வேண்டுமென்றால் அதற்கு மேலும் ஓர் இணைச்சொல் பட்டியல் தேவை. அதைத் தளம் நடத்துபவர்தான் ஊர் ஊராக, பெயர் பெயராகச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்க நிர்வாகப் பலகையில் இடம் இருக்கிறதா என்பதை மென்பொருளுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.