பதினைந்து என்றால் எவ்வளவு?



இந்த மாதப் பேச்சுக்கு ஒரு சின்ன இயந்திரத்தின் கதையை எடுத்து வந்திருக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இயந்திரம் அது. மாதிரி விமானங்களின் மூக்கில் பூட்டிப் பறக்கவிடும் வகை. அதன் பக்கவாட்டில் 15 என்ற எண் வார்க்கப்பட்டிருக்கிறது. அலகு எதுவும் இல்லை, புள்ளியும் இல்லை, வெறும் 15 தான். அந்த எண்ணைப் பிழையாக வாசித்த கணக்கு வாத்தியார் ஒருவரின் கதையும் இதில் உண்டு. அந்த வாத்தியார் நான்தான்.

நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து நாலாவது குளிர்காலம். மகனுக்குப் பன்னிரண்டு வயது. நூலகத்தில் எடுத்த ஒரு பழைய ஆங்கிலேயச் சஞ்சிகையில் இருந்த வரைபடத்தைப் பார்த்து, பல்சா மரத்தில் ஒரு விமானம் செய்யத் தொடங்கினான். இரண்டு மெல்லிய கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வட்டமாகப் பறக்கவிடும் விமானம். மார்கழியில் தொடங்கியது சித்திரையில் முடிந்தது. இயந்திரம் வாங்கித் தருவது என் பொறுப்பு. வரைபடத்தில் '1 முதல் 1.5 சி.சி. வரை' என்று போட்டிருந்தது. ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றவரிடம் 15 என்று எழுதிய இயந்திரம் இருந்தது. 15 என்றால் 1.5 தானே என்று நினைத்து வாங்கிவிட்டேன்.

புல்வெளியில் அதை முடுக்கியபோது எரிபொருளில் கலந்திருந்த ஆமணக்கெண்ணெய் மணம் எழுந்தது. சிறுவயதில் பேதிக்குக் குடிக்க வைத்த அதே மணம். விமானம் எழும்பியது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட வெகு வேகமாகச் சுற்றியது. இரண்டாவது சுற்றில் சிறகு நடுவில் முறிந்து, மூக்குக் குத்தி விழுந்தது. நாலு மாத வேலை அரை நிமிடத்தில் விறகாகிவிட்டது. மகன் அழவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு முதிய கனடியர் இயந்திரத்தை எடுத்துப் பார்த்து, "இது இரண்டரை சி.சி. அல்லவா?" என்று கேட்டார். அப்போதுதான் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்பா, நீங்கள் கணக்கு வாத்தியார் எல்லோ?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தச் சரித்திரத்தை அறிந்துகொண்டேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழிருந்து மேலே போகும்போது எவ்வளவு இடத்தைக் கடக்கிறதோ, அதுவே இயந்திரத்தின் கொள்ளளவு. ஊரில் மோட்டார் சைக்கிளுக்கு '90 சி.சி.', '125 சி.சி.' என்று சொன்னோமே, அதே அளவுதான். சிலிண்டரின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 0.7854 ஆல் பெருக்கி, பிஸ்டன் ஓடும் நீளத்தாலும் பெருக்கினால் விடை வரும். விட்டம் 1.5 சென்ரிமீற்றர், ஓட்டம் 1.4 சென்ரிமீற்றர் என்றால் கிட்டத்தட்ட 2.47 சி.சி. இதையே அங்குலத்தில் அளந்து பெருக்கினால் கிடைப்பது ஏறக்குறைய 0.15 கன அங்குலம். அமெரிக்கர்கள் அந்தப் புள்ளியை விட்டுவிட்டுப் 'பதினைந்து' என்பார்கள். ஒரு கன அங்குலம் 16.387 சி.சி. ஆகும். ஆகவே நான் வாங்கியது 1.5 அல்ல, 2.46 சி.சி. வரைபடம் அனுமதித்த மிகப் பெரிய இயந்திரத்தைவிட அறுபது வீதத்துக்கும் மேல் பெரிது.

அமெரிக்கர்கள் ஏன் கன அங்குலத்தில் எண்ணினார்கள்? அவர்களுடைய கார் இயந்திரங்களே அந்த அளவில்தான் பேசப்பட்டன. 1930களின் தொடக்கத்தில் பில் பிறவுண் என்ற இளைஞர் செய்த 'பிறவுண் ஜூனியர்' இயந்திரம் 0.60 கன அங்குலம். அதைப் பூட்டிய விமானத்துடன் மக்ஸ்வெல் பஸெட் 1933இல் அமெரிக்கத் தேசியப் போட்டிகளில் வெற்றி பெற்றார். அதுவரை முறுக்கிய றப்பர் பட்டியால் பறந்த விமானங்களே அங்கே பெரும்பாலும் போட்டியிட்டன. அதன் பிறகு இயந்திர விமானங்களுக்குத் தனிப் பிரிவு வந்தது. பின்னர் அவற்றுக்குள்ளும் பிரிவுகள் வந்தன. 0.20 கன அங்குலம் வரை ஏ பிரிவு, 0.30 வரை பி பிரிவு, அதற்கு மேல் சி பிரிவு. உலகப் போருக்குப் பின் 0.050 வரையிலான 'அரை ஏ' பிரிவும் சேர்ந்தது.

இந்த எல்லைகளை அறிந்தபோது எனக்கு ஒரு புதிர் விடுபட்டது. அமெரிக்க இயந்திரங்களின் எண்கள் ஏன் 19, 29, 049 என்று ஒற்றைப்பட விழுகின்றன? எல்லாம் வேலிக்கு ஒரு விரற்கடை உள்ளே நிற்கும் எண்கள்! கலிபோர்னியாவில் லெறோய் கொக்ஸ் என்பவரின் நிறுவனம் ஏராளமாக விற்ற 049 இயந்திரங்கள் 0.050 என்ற வேலிக்குள் நிற்கப் பிறந்தவை. சி.சி. கணக்கில் அவை 0.8.

பிரித்தானியாவின் கதை வேடிக்கையானது. பாலைப் பைன்ற்றிலும், தூரத்தை மைலிலும், துணியை யாரிலும் அளந்த நாடு அது. ஆனாலும் மோட்டார் சைக்கிளுக்கும் மாதிரி விமான இயந்திரத்துக்கும் சி.சி.யைத்தான் கையாண்டது. போருக்குப் பின் அங்கே பரவிய சிறிய 'டீசல்' மாதிரி இயந்திரங்களின் மூலவடிவமும் மெற்றிக் அளவு வழங்கிய ஐரோப்பிய நாடுகளிலிருந்தே வந்தது. லண்டனில் செய்யப்பட்ட 'புறொக்' இயந்திரங்களின் பெயர்களைப் பாருங்கள். 100 என்றால் 1 சி.சி., 150 என்றால் ஒன்றரை, 500 என்றால் ஐந்து. அமெரிக்கர் கன அங்குலத்தின் நூறில் ஒரு பங்கை எண்ணினர். பிரித்தானியர் சி.சி.யின் நூறில் ஒரு பங்கை எண்ணினர். நான் அமெரிக்க இயந்திரத்தைப் பிரித்தானியக் கண்ணால் வாசித்திருக்கிறேன். பிழை பெருக்கலில் இல்லை. அந்த எண் எந்த நாட்டு வாயிலிருந்து வந்தது என்று கேட்காமல் விட்டதில்தான் பிழை.

1950களிலிருந்து உலகப் போட்டிகளின் விதிகள் இரு பக்கத்தையும் ஒரு கயிற்றில் கட்டின. 1905இல் தொடங்கிய சர்வதேச வான்விளையாட்டுச் சம்மேளனம் சி.சி.யிலேயே எல்லை வகுத்தது. பல பிரிவுகளுக்கு 2.5 சி.சி., வானொலி அலையால் இயக்கும் சாகசப் பறப்புக்குப் பல காலம் 10 சி.சி. அமெரிக்கச் சந்தையில் '61' என்று ஒரு விசித்திர எண் பிறந்தது இதனால்தான். 0.61 கன அங்குலம் என்பது 9.996 சி.சி. பத்துக்கு ஒரு மயிரிழை குறைவு! அதேபோல 15 என்பது 2.5 என்ற வேலிக்குள் நிற்கும் எண்.

ஒசாகாவில் 1936இல் ஷிகேயோ ஒகாவா தொடங்கிய ஓ.எஸ். நிறுவனமும் கவனிக்கத்தக்கது. மில்லிமீற்றரில் வரைந்து, மில்லிமீற்றரில் கடைந்த ஜப்பானியர் தங்கள் இயந்திரங்களுக்கு 25, 40, 46 என்று கன அங்குல எண்களை இட்டனர். வாங்குபவர் அமெரிக்கர். விற்பவன் வாங்குபவனின் மொழியைத்தானே பேச வேண்டும்!

இவ்வளவுக்கும் அங்குலமே நாட்டுக்கு நாடு ஒன்றாக இருக்கவில்லை. அமெரிக்க அங்குலம் 25.4 மில்லிமீற்றரைவிட ஒரு துளி கூட, பிரித்தானிய அங்குலம் ஒரு துளி குறைவு. நாங்கள் வாழும் கனடா 1951இல் சரியாக 25.4 என்று சட்டமாக்கியது. அமெரிக்காவும் பிரித்தானியாவும் உட்பட ஆறு ஆங்கிலம் பேசும் நாடுகள் 1959இல் அதையே ஏற்றன. அன்றிலிருந்து ஒரு கன அங்குலம் மிகச் சரியாக 16.387064 சி.சி.

அலகு மாறினால் பொம்மை விமானம் மட்டும்தான் விழும் என்று நினைக்கவேண்டாம். 1983 ஜூலை 23இல் மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்ரனுக்குப் புறப்பட்ட எயர் கனடா போயிங் 767 விமானத்தில் எரிபொருள் அளவைக் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. தாங்கியில் 7,682 லீற்றர் இருந்ததைக் கோலால் அளந்தார்கள். அதைக் கிலோகிராமாக்க 0.8 அளவிலான எண்ணால் பெருக்கியிருக்க வேண்டும். பழக்கத்தில் இருந்த 1.77ஆல் பெருக்கினார்கள். 1.77 என்பது ஒரு லீற்றருக்கு எத்தனை இறாத்தல் என்ற கணக்கு. விளைவு, தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளுடன் விமானம் கிளம்பி, நடுவானில் இரண்டு இயந்திரங்களும் நின்றன. கிளைடர் ஓட்டிப் பழகிய கப்டன் பொப் பியர்சன் அதை மனிற்றோபாவில் கிம்லி என்ற பழைய விமானத்தளத்தில் இறக்கினார். 69 பேரும் உயிர் தப்பினர். அங்கேயும் பெருக்கல் சரி, அலகுதான் பிழை.

மாதிரி விமானம் பறக்கவிடும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு சுலப வழி சொல்கிறேன். '61 என்றால் 10 சி.சி.' என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அமெரிக்க எண்ணை 6.1ஆல் வகுத்தால் சி.சி. கிடைக்கும். 40 என்றால் 6.56, 46 என்றால் 7.54, 15 என்றால் 2.46. மறுபக்கம் போவதற்கு 6.1ஆல் பெருக்குங்கள். இன்று பரவலாகக் கிடைக்கும் பெற்றோல் இயந்திரங்கள் 20, 30, 55 என்று சி.சி.யிலேயே பெயர் பெறுகின்றன. 30 என்று கண்டால் அது 30 சி.சி.யா, 0.30 கன அங்குலமா என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். இரண்டுக்கும் இடையில் ஆறு மடங்கு வித்தியாசம்.

போன கோடையில் மகன் தன் மகளுக்கு ஒரு மின்சார விமானம் செய்து கொடுத்தான். மோட்டரில் 46 என்று இருந்தது. "அப்பப்பா, 46 எண்டால் என்ன?" என்று பேத்தி கேட்டாள். அதற்குள் சிலிண்டரும் இல்லை, பிஸ்டனும் இல்லை, கொள்ளளவு என்று அளக்க எதுவுமே இல்லை. பழைய 46 இயந்திரம் பூட்டிய விமானத்துக்கு இது பொருந்தும் என்பதற்காக அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். நெல் அளந்த கொத்து இப்போது எந்த வீட்டிலும் இல்லை. ஆனாலும் வயதானவர்கள் 'ஒரு கொத்து அரிசி' என்று சொல்வதில்லையா?

அவளுக்கு விளக்க, மேசை லாச்சியிலிருந்து அந்தப் பழைய 15ஐ எடுத்தேன். அதில் ஒரு காகிதத்துண்டு கட்டியிருந்தது. விமானம் விழுந்த அன்று இரவு, என்னோடு இருந்து கணக்குச் செய்து பார்த்த பின், மகன் கட்டியது. பன்னிரண்டு வயதுக் கையெழுத்தில், '0.15 கன அங்குலம் = 2.46 சி.சி.' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'அப்பாவுக்கும் தெரியும்.'

அடுத்த மாதம் சந்திப்போம்.