கேட்டது யாரிடம்?

என் தாத்தா பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். "நம்மள யாருய்யா கேட்டா?" என்பது அவருடைய வழக்கமான பேச்சு. வெறும் அலுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். 1947ஐப் பற்றிப் படித்த பிறகு, அது ஒரு வரலாற்றுக் கேள்வியாகவே தெரிகிறது.

மலாயன் யூனியனுக்குப் பதிலாக வரப்போகும் கூட்டரசுத் திட்டத்தை பிரிட்டிஷார் 1946 டிசம்பரில் வெளியிட்டார்கள். அவர்களோடு உட்கார்ந்து அதைத் தயாரித்தவர்கள் மலாய் ஆட்சியாளர்களின் பிரதிநிதிகளும் அம்னோவினரும். மற்றவர்களின் கருத்தைக் கேட்க சீஸ்மன் தலைமையில் ஆலோசனைக் குழு வந்தது. எல்லாம் முடிவான பிறகு கருத்து எதற்கு என்று ஏஎம்சிஜேஏ கூட்டணி அதைப் புறக்கணித்தது. ஜான் திவி தலைமையிலான ம.இ.கா.வும் அந்தக் கூட்டணியில் இருந்தது. 1947 மார்ச்சில் குழு தன் அறிக்கையைக் கொடுத்துவிட்டது.

அதே ஆண்டின் முற்பகுதியில் கெடா கொதித்துக்கொண்டிருந்தது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டு ஒரு தொழிலாளி இறந்தார். பீடோங்கிலும் மோதல். கள்ளு வேண்டாம், நியாயமான கூலி வேண்டும், மரியாதை வேண்டும் என்று தோட்டத்து மக்கள் தெளிவாகத்தான் சொன்னார்கள். மனுவாக வராததால் அது கருத்தாகவில்லை. கலவரமாகக் கோப்பில் ஏறியது.

1956இல் வந்த ரீட் ஆணையம் எவ்வளவோ மேல். மாநிலம் மாநிலமாகப் போனது, 131 மனுக்களைப் பெற்றது. ஆனால் மனு எழுத ஒரு சங்கமும் தட்டச்சு இயந்திரமும் ஓய்வான ஒரு மாலையும் வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு ஓடுகிறவரிடம் அவை ஏது?

இன்று கேட்பது இணையத்தில். சட்டதிட்டங்கள் கொண்டுவருமுன் சம்பந்தப்பட்டவர்களைக் கேட்க வேண்டும் என்று 2013இல் தேசியக் கொள்கையே வந்தது. பொறியாளனான எனக்கு இந்த முறை பிடிக்கும். கோலாலம்பூருக்குப் போக வேண்டாம், சுங்கைப்பட்டாணி வீட்டிலிருந்தே எழுதலாம். போன மாதம் அப்படி ஒரு வரைவைத் திறந்து, அம்மாவுக்குத் தமிழில் விளக்கினேன். ஒரு மணி நேரம் பிடித்தது. பொறுமையாகக் கேட்டவர் கடைசியில், "முடிவு பண்ணிட்டுத்தானே கேக்குறாங்க?" என்றார்.

அம்மாவுக்கு ஏஎம்சிஜேஏ என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் அவர்கள் 1946இல் கேட்டதும் இதைத்தான். எத்தனை பேர் எழுதினார்கள் என்ற எண்ணிக்கை இதற்குப் பதிலாகாது. யார் சொன்னதால் எந்த வரி மாறியது என்று அரசு காட்டட்டும். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட இன்னொரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.