பரண் துப்பாக்கியும் கடலூர்க் கோட்டை ராபின்சும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறினால் வெள்ளிமலையை அடையலாம். கல்வராயன் மலையின் நடுவே உள்ள ஊர் அது. சாமை, தினை, மரவள்ளி விளையும் பூமி. அறுவடைக்கு முன் ஒரு மாதம் அங்கே இரவு உறக்கம் கிடையாது. காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால் மரவள்ளிக் கொல்லை ஒரே இரவில் உழுத நிலமாகிவிடும். ஆகவே கொல்லைக்கொரு பரண், பரணுக்கொரு ஆள், ஆள் கையில் தகரம். முன்னாளில் சிலர் கையில் துப்பாக்கியும் இருந்தது.

அந்தப் பக்கத்து மாணவர் ஒருவர் எங்கள் கல்லூரியில் படித்தார். உந்தம் பற்றிய பாடம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, "சார், எங்க தாத்தாகிட்ட லைசென்சு துப்பாக்கி இருந்தது. அவர் கை நடுங்காது. ஆனால் நூறு அடி தாண்டினால் குண்டு எந்தப் பக்கம் போகும்னு அவருக்கே தெரியாதாம். ஏன் சார்?" என்று கேட்டார். பாடநூலில் இல்லாத கேள்வி. விடை தேடிப் போனபோது அது என்னைக் கடலூருக்கு, அதாவது பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகருக்கே, கொண்டுபோய் விட்டது. கள்ளக்குறிச்சியும் ஒரு காலத்தில் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததுதானே!

முதலில் தாத்தாவின் துப்பாக்கியைப் பார்ப்போம். நீண்ட இரும்புக் குழல். அதன் உட்புறம் வழவழப்பானது. வாய்வழியே கருமருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து, மேலே ஈயக் குண்டையோ ரவைகளையோ கெட்டிக்க வேண்டும். குழலின் அடியில் ஒரு முளை. அதன்மேல் சிறு செம்புத் தொப்பி. விசையை இழுத்ததும் சுத்தி விழுந்து தொப்பி வெடிக்க, அந்த நெருப்பு மருந்துக்குப் பாயும். கட்டை தாத்தாவின் தோளுக்கும் கைநீளத்திற்கும் அளவெடுத்துச் செதுக்கியது. இன்று மேல்நாட்டில் பெரும்பணம் கொடுத்துச் செய்துகொள்ளும் 'சொந்த அளவுத் துப்பாக்கி' என்பதும் இதுதான்! தொழிற்சாலை உற்பத்தி வருமுன் துப்பாக்கிகள் பல சட்டை தைப்பதைப் போலவே ஆளுக்கு ஆள் செய்யப்பட்டு வந்தன.

அந்தச் செம்புத் தொப்பியின் முன்னோடி ஒரு பாதிரியாரின் படைப்பு என்றால் வியப்பாயிருக்கும். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரின் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபார்சைத் நீர்ப்பறவை வேட்டையில் நாட்டமுள்ளவர். அக்காலத் துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல் உராய்ந்து, வெளியே கிண்ணியில் உள்ள மருந்து முதலில் பளிச்சென்று எரியும். குண்டு புறப்படுவது அதற்குப் பிறகே. அந்த வெளிச்சத்தைக் கண்டதும் பறவைகள் தப்பிவிடும். அடித்தாலே வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு இக்குறையை நீக்கிய ஃபார்சைத், 1807இல் காப்புரிமை பெற்றார். செம்புத் தொப்பி அதிலிருந்து வளர்ந்தது. வாத்து தப்பித்ததால் வந்த கண்டுபிடிப்பு, பின்னர் உலகப் படைகளையெல்லாம் மாற்றியது.

ஆனால் மாணவரின் கேள்வி குண்டு ஏன் விலகுகிறது என்பது. அதற்கு விடை சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் இங்கிலாந்தில் பாத் நகரில் பிறந்த கணித அறிஞர் இவர். பீரங்கி, துப்பாக்கி பற்றிய இவரது நூல் 1742இல் வெளிவந்தது. அதுவரை குண்டின் வேகத்தை நேராக அளக்க நல்லதொரு வழி இல்லை. கண்ணுக்கே புலப்படாமல் பறக்கும் பொருளை எப்படி அளப்பது?

ராபின்ஸ் செய்தது எளிமையானது. சுமார் 56 பவுண்டு எடையுள்ள ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மேல் குண்டைச் சுட்டார். குண்டு அதில் புதைந்து ஊசலைத் தள்ளியது. ஊசல் எவ்வளவு தூரம் பின்வாங்கியது என்பதை ஒரு நாடாவால் அளந்தார். குண்டின் உந்தம் முழுவதும் இப்போது ஊசலையும் குண்டையும் சேர்ந்தது. ஊசலின் மெதுவான வேகத்தை அறிந்தால் குண்டின் கடுவேகத்தைக் கணக்கிடலாம். விடை நொடிக்கு 1,600 அடிக்கும் மேல்! அதாவது ஒலியைவிட விரைவு. ஊசலைத் தள்ளி வைத்துச் சுட்டு, காற்று குண்டை எவ்வளவு தடுக்கிறது என்பதையும் கண்டார். அத்தடை அறிஞர்கள் எண்ணியிருந்ததைவிட மிகப் பெரிதாயிருந்தது. மாணவர்கள் இன்றும் இந்தக் கணக்கைத் தேர்வில் போடுகிறார்கள். போட்டவரின் பெயரைத்தான் பாடநூல்கள் பல சொல்வதில்லை.

அடுத்து, குண்டின் விலகல். வாய்வழியே எளிதில் இறங்க வேண்டுமென்பதால் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். வெளியேறும்போது அது குழலின் சுவரில் இங்குமங்கும் மோதி வரும். கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்ப ஒரு சுழற்சி பெறும். சுழலும் பந்தை காற்று ஒருபக்கமாகத் தள்ளும் என்பதைக் கிரிக்கெட் பார்ப்பவர்கள் அறிவார்கள். சுழற்சி ஒவ்வொரு முறையும் வேறு. ஆகவே விலகலும் வேறு. தாத்தாவின் கை நடுங்காமலிருந்தும் பயனில்லாமற் போனது இதனால்தான்.

இதை மெய்ப்பிக்க ராபின்ஸ் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். துப்பாக்கிக் குழலின் முனையை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். குண்டு இடப்பக்கம்தானே போகவேண்டும்? தொடக்கத்தில் அப்படித்தான் போயிற்று. ஆனால் வளைவில் குழலின் வலச் சுவரை உரசி உருண்டதால், அது பெற்ற சுழற்சி அதை வலப்பக்கம் இழுத்தது. சற்றுத் தூரத்தில் குறுக்கே கடந்து வலப்பக்கமே போய்விட்டது. பெருங்கணித மேதை ஆய்லர் 1745இல் இந்நூலை விளக்கவுரையுடன் ஜெர்மன் மொழியில் ஆக்கியவர். அவரே இந்தச் சுழற்சி விளக்கத்தை ஏற்கவில்லை, குண்டின் உருண்டை வடிவில் உள்ள குறையே காரணம் என்றார். மேதைகளும் தவறுவர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் மாக்னஸ் என்ற ஜெர்மானியர் இதை மீண்டும் ஆராய்ந்தார். விளைவுக்கு அவர் பெயரே நிலைத்தது. எனக்கு இதில் சிறிது மனத்தாங்கல் உண்டு.

வேண்டாத சுழற்சியைத் தடுக்க வேண்டுமானால், வேண்டிய சுழற்சியை நாமே கொடுத்துவிடலாம். குழலின் உட்புறத்தில் திருகாணியின் மரைபோல வரிப்பள்ளங்களை வெட்டினால், குண்டு தன் பயணத் திசையையே அச்சாகக் கொண்டு பம்பரம்போல் சுழலும். பக்க விசை எழாது. வரியிட்ட குழலுடைய இத்துப்பாக்கியே ரைபிள். ராபின்சுக்கு இரு நூற்றாண்டு முன்பே ஜெர்மானியக் கைவினைஞர்கள் இதைச் செய்தனர். அது ஏன் பயன் தருகிறது என்பதை விளக்கியவர் ராபின்ஸ். ரைபிளை முதலில் முழுமையாக ஏற்கும் நாட்டுப் படை மற்றவற்றை மிஞ்சும் என்று 1747இலேயே எழுதினார்.

இவர் வாழ்வு முடிந்தது நம் மண்ணில். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீர்செய்ய இவரைப் பொறியாளராக அனுப்பியது. 1750இல் வந்தவர், காய்ச்சலுற்று 1751 ஜூலையில் கடலூரின் புனித டேவிட் கோட்டையில் இறந்தார். வயது 44. கெடிலக் கரையில் தேவனாம்பட்டினத்தருகே அக்கோட்டையின் எச்சங்கள் இன்றும் உள்ளன.

இனி மேல்நாட்டுக்கு ஒரு தாவல். அமெரிக்காவில் மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் 'கிரவுண்ட் ஹாக்' என்ற விலங்கு விவசாயிகளுக்குத் தொல்லை. சிறிய உருவம், நெருங்கவும் விடாது. ஆகவே கைவினைஞர்களும் ஆர்வலர்களும் தங்களுக்கென்றே ரைபிள்கள் செய்யலாயினர். 1930இல் 5.7 மில்லிமீட்டர் தடிப்புள்ள சிறு குண்டை வேகமாக எறியும் 'ஹார்னெட்' தோட்டாவும், 1935இல் நொடிக்கு 1,200 மீட்டரைத் தாண்டிய 'ஸ்விஃப்ட்' தோட்டாவும் விற்பனைக்கு வந்தன. 35 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்று மரை வெட்டினால், அவ்வேகத்தில் குண்டு நொடிக்குச் சுமார் 3,400 முறை சுழலும்!

வேகத்தால் என்ன பயன்? தாத்தாவின் குண்டு நொடிக்கு 300 மீட்டர் போவதாகக் கொள்வோம். 50 மீட்டர் கடக்க ஆறில் ஒரு நொடி. அதற்குள் புவியீர்ப்பால் சுமார் 14 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். ஸ்விஃப்ட் குண்டோ அதே தூரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூடத் தாழாது (காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்கவில்லை). இத்துப்பாக்கிகளின் குழல் மிகத் தடித்தது. சுடும்போது குழல் இசைக்கவை போல் அதிர்கிறது. தடித்த குழல் குறைவாக அதிரும், மெதுவாகச் சூடேறும். மரக்கட்டை ஈரத்தில் உப்பிக் குழலை அழுத்தினால் குறி மாறுமாதலால், குழல் கட்டையில் படாமல் இடைவெளி விடுவார்கள். கல்வராயன் மூடுபனியில் தாத்தாவின் கட்டை எத்தனை முறை உப்பியிருக்குமோ!

அவருக்கு ஏன் ரைபிள் கிடைக்கவில்லை? 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமமின்றி இந்தியர் ஆயுதம் வைப்பதைத் தடுத்தது; குடகு மக்களுக்கு விலக்கு இருந்தது, இன்றும் உண்டு. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் பயிர்க் காவலுக்கு வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் தர வழிசெய்தது. அது போதாதென்று அதிகாரி கருதினால் வழவழப்புக் குழலுள்ள வேறு துப்பாக்கி தரலாம். வரிக்குழலுக்கு அப்பிரிவில் இடமில்லை. நான் இதைக் குறை என்று சொல்லமாட்டேன். பன்றிக்குத் தப்பிய ரைபிள் குண்டு கிலோமீட்டர்க் கணக்கில் பறக்கும். அடுத்த சரிவில் இன்னொருவர் பரணில் இருப்பார்.

துப்பாக்கிக்கு உரிமம் இருந்தாலும் பன்றியைச் சுட உரிமை இல்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றிக்கும் காவல். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் ஏற்பாடு செய்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கப்பால் வனத்துறையினர் சுடலாம். சமவெளி உழவருக்கு இது உதவும். காட்டை ஒட்டியே கொல்லை வைத்திருக்கும் வெள்ளிமலைக்காரர் அந்த மூன்று கிலோமீட்டரை எங்கே போய்த் தேடுவார்?

மாணவரிடம் ராபின்ஸ் கதையைச் சொன்னேன். விடுமுறைக்குப் போய்வந்தவர், "தாத்தாகிட்ட சொன்னேன் சார். 'குழலை வளைச்சுப் பார்த்திருக்கலாமே'ன்னு சிரிக்கிறார்" என்றார். துப்பாக்கியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்படைத்துவிட்டார்களாம். இப்போது பரணில் தகரமும் டார்ச்சு விளக்கும்தான்.