இலக்கிய உலா: கழிஞ்சமலை என்றொரு சிறு குன்று

மலையென்றால் நமக்கு இமயமும் பொதியமும் சிவனொளிபாதமும்தான் நினைவுக்கு வரும். உயரம் உள்ளதற்கே புராணமும் யாத்திரையும். ஊரோரமாக, ஆடு மேய்க்கிறவன் அரைமணி நேரத்தில் ஏறி இறங்கக்கூடிய சிறு குன்றுகளைப் பாடியவரும் குறைவு, பார்க்கப் போகிறவரும் குறைவு. ஆனால் தமிழ் எழுத்தின் பழைய சான்றுகள் பல இருப்பது பொதியத்தின் சிகரத்தில் அல்ல. மதுரையைச் சுற்றியுள்ள இத்தகைய மொட்டைக் குன்றுகளில்தான் அவை இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இவ்வாரம் பேச விரும்புகிறேன்.

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீற்றர் தொலைவில், மேலூருக்கு அருகே, அழகர்மலைத் தொடரின் பக்கமாக அரிட்டாபட்டி என்றொரு கிராமம். அதைச் சூழ ஏழு சிறு குன்றுகள். ஒன்றின் பெயர் கழிஞ்சமலை. நான் குடியிருக்கும் ஹெந்தளையில் மலை என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லை. ஒருபுறம் கடல், மறுபுறம் ஹமில்டன் கால்வாயும் முத்துராஜவெல சதுப்பும். தட்டையான நிலத்தில் வாழ்கிறவனுக்குப் பாறை மீது ஒரு மோகம் இருக்கும் போலும். சில ஆண்டுகளுக்கு முன் மதுரைக்குப் போனபோது, மீனாட்சியம்மன் கோயிலைத் தரிசித்த கையோடு நான் தேடிப்போனது இக்குன்றைத்தான்.

பேருந்திலிருந்து பார்க்கும்போது ஏமாற்றம்தான். வெயிலில் வெளுத்த கற்பாறை. மரங்கள் அடிவாரத்தோடு நின்றுவிடுகின்றன. கிட்டப் போனால்தான் அந்த நிலத்தின் சூட்சுமம் புரிகிறது. மொட்டைப் பாறை மழைநீரைக் குடிப்பதில்லை; வழித்துக் கீழே விடுகிறது. வழிந்த நீர் பாறைப் பள்ளங்களில் சுனையாகத் தேங்குகிறது. மிஞ்சியது கண்மாய்களை நிரப்புகிறது. கண்மாய் என்பது நம் வன்னியில் குளம் என்போமே, அதுதான். இப்பகுதியில் 72 ஏரிகளும் இருநூறு இயற்கைச் சுனைகளும் மூன்று தடுப்பணைகளும் உள்ளன என்று தமிழ்நாட்டு அரசு கணக்குத் தந்திருக்கிறது. மழை மறைவுப் பிரதேசம் போலத் தோன்றும் ஓர் ஊரில் வயல் பச்சையாக இருப்பதற்குக் காரணம் அந்த வறண்ட கல்தான். குன்றை வெட்டினால் கல் மட்டுமா போகும்? குளமும் போகும்.

உயிரினங்களைப் பற்றிச் சொல்வதானால், ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியுள்ளன. அவற்றுள் மூன்று வேட்டைப் பறவைகளுக்குத் தனிச் சிறப்பு உண்டு: லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, இராசாளிப் பருந்து. லகர் வல்லூறு உலக அளவிலேயே அருகிவரும் இனம். ஷாஹீனை நம் நாட்டில் சீகிரியாவின் பாறைச் சுவரில் பலர் கண்டிருப்பீர்கள். செங்குத்தான பாறை விளிம்பை விரும்பும் பறவை அது. பாறை போனால் மரத்துக்கு மாறிக்கொள்வோம் என்று எளிதில் சமாதானம் செய்துகொள்ளாத பறவை. இவற்றோடு மலைப்பாம்பும், அழுங்கும், தேவாங்கும். தேவாங்கு இரவில் உலாவும் பிராணி. அழுங்கு ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். இரண்டையுமே ஊரில் இருந்துகொண்டே காணாதவர் அநேகர். நானும் காணவில்லை.

என்னைப் போன்ற தமிழாசிரியனை அங்கே இழுத்தது பறவையல்ல, எழுத்து. கழிஞ்சமலைக் குகைத்தளத்தின் நெற்றியில் இரண்டு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்கள் உள்ளன. ஒன்று நெல்வேலியைச் சேர்ந்த வெளியன் என்பவன் இக்குகையைச் செய்வித்தான் என்கிறது. மற்றது இலஞ்சியின் வேளான மாப்பரவன் மகன் எமயவன் இதைச் செய்து கொடுத்ததாகச் சொல்கிறது. உள்ளே துறவிகள் படுப்பதற்கான கற்படுக்கைகள். மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையின் புருவத்தில் ஒரு விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் ஆடம்பரம்.

இதில் எனக்குச் சுவையாகப்படுவது இரண்டு. நெல்வேலியும் இலஞ்சியும் இன்றைய திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து ஊர்கள் என்றே கொள்வர். அங்கிருந்து இக்குன்றுக்கு 150 கிலோமீற்றருக்கு மேல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தென்கோடித் தலைவர் இருவர், தம் ஊரில் இல்லாத மலையா, இங்கே வந்து துறவிகளுக்குக் குகை அமைத்துக் கொடுத்தது ஏன்? தலைநகருக்கு அருகே பெயர் பொறிக்க விரும்பினார்களா, அல்லது இங்கிருந்த சமண முனிவரின் புகழ் அவ்வளவு தூரம் போயிருந்ததா? என் ஊகம் பின்னதன் பக்கம் சாய்கிறது. பெயருக்காக மட்டும் செய்கிறவன் இதைவிடப் பெரிய எழுத்தில் வெட்டியிருப்பான். இரண்டாவது, சொல். குகையைக் குறிக்கக் கல்வெட்டு ஆளும் சொல் ‘முழாகை’. புலி கிடக்கும் குகையை ‘முழை’ என்று சங்கப் பாடல்களில் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதன் உறவுதான் இது. ஏட்டில் கண்ட சொல்லின் சுற்றத்தைக் கல்லில் விரலால் தடவிப் பார்ப்பது வேறோர் அனுபவம்.

பக்கத்திலேயே மீனாட்சிபுரத்தை அடுத்த மாங்குளம் குன்று. 1882இல் றொபேர்ட் சீவெல் அங்குள்ள எழுத்தைக் கண்டு குறித்தார். எழுத்துப் பிராமி, ஆனால் மொழி எதுவென்று நெடுங்காலம் மயக்கம் இருந்தது. 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அது தமிழே என்று காட்டினார். 1965இல் ஐராவதம் மகாதேவன் மாங்குளக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்ற பெயரை வாசித்து, சங்கப் பாண்டியரோடு தொடர்புபடுத்தினார். கணிநந்தன் என்ற துறவிக்கு நெடுஞ்செழியனின் அதிகாரியான கடலன் வழுதி பள்ளி அமைத்த செய்தி அது. காலம் கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டு என்பது மகாதேவனின் முடிவு. நெடுஞ்செழியன் என்றவுடன் சிலம்பின் பாண்டியன் என்றோ, தலையாலங்கானத்து வீரன் என்றோ மேடையில் அடித்துச் சொல்லும் நண்பர்கள் உண்டு. இலக்கியத்தில் அப்பெயர் கொண்டோர் பலர். கல் அவர்களில் எவனென்று சொல்லவில்லை. சொன்னது மட்டும் போதுமானது. சங்கப் பாடல்களைப் பிற்காலக் கற்பனை என்று ஒதுக்கியோருக்கு, பாண்டியனின் பெயரைப் பாண்டியன் காலத்து எழுத்திலேயே காட்ட முடிந்தது இக்குன்றால்.

நம் நாட்டவருக்கு இதில் அந்நியம் ஏதுமில்லை. மிகிந்தலையிலும் வெஸ்ஸகிரியிலும் இதே போன்ற குகைகள், பாறை நெற்றியில் இதே விளிம்பு, கொடையாளியின் பெயர் சொல்லும் இதே போன்ற பிராமி வரிகள். அங்கே பௌத்த பிக்குகள், மொழி பிராகிருதம். இங்கே சமண முனிவர், மொழி தமிழ். வவுனியாப் பகுதியில் பெரியபுளியங்குளத்தில் விசாகன் என்ற தமிழ் வணிகன் கொடுத்த குகையும் உண்டு. கடலுக்கு இருபுறமும் செல்வர் ஒரே விதமாகத்தான் புண்ணியம் தேடியிருக்கிறார்கள்.

சமணருக்குப் பின் சைவர் வந்தனர். பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் ஒன்று அதே பாறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிதாகவே காணப்படும் இலகுலீசர் சிற்பம் அங்கே உள்ளது. பாசுபத சைவத்தின் முதல் ஆசிரியராகப் போற்றப்படுபவர் அவர். சமணக் குகையை எவரும் இடித்துவிட்டுக் கோயில் கட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாறையில் எல்லாருக்கும் இடம் இருந்தது.

சைவம் தழைத்த காலத்திலும் சமணம் அங்கிருந்து போய்விடவில்லை. குன்றின் இன்னொரு பக்கத்தில் தீர்த்தங்கரர் ஒருவரின் புடைப்புச் சிற்பம். அதன் கீழே வட்டெழுத்து. கீழக்குயில்குடியிலும் ஐவர்மலையிலும் பெயர் காணப்படும் அச்சணந்தி என்ற சமண ஆசிரியர் செய்வித்தது. இந்தக் குன்றுக்குத் திருப்பிணையன் மலை என்று அந்தக் கல்வெட்டு பெயர் சொல்கிறது. இறுதியில், இத்திருமேனி பாதிரிக்குடியாரின் இரட்சை என்று முடிகிறது. அரசனின் காவல் என்று எழுதவில்லை, படைத்தலைவனின் காவல் என்றும் எழுதவில்லை. ஊராரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அங்கே எனக்கு வழிகாட்டிய முதியவர், “சிலோன்ல இருந்தா வர்றீக? செருப்பக் கழட்டிருங்கய்யா, இது சாமி இருக்கிற எடம்” என்றார். எந்தச் சாமி என்று நான் கேட்டேன். “எல்லாச் சாமியுந்தேன்” என்றார். அச்சணந்தி ஒப்படைத்த பொறுப்பு கைமாறி வந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அந்த மேலூர் வட்டாரத்தில் எல்லாக் குன்றுகளுக்கும் இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. பளபளக்கும் அலங்காரக் கல்லுக்காகப் பல குன்றுகள் உடைக்கப்பட்டன. மதுரை ஆட்சியராயிருந்த சகாயம் 2012இல் தந்த அறிக்கை, சட்டவிரோதக் கல் அகழ்வால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பை 16,000 கோடி ரூபாவுக்கு மேல் என மதிப்பிட்டது. அரிட்டாபட்டிக்கோ 2022 நவம்பரில் வேறொரு பெருமை வாய்த்தது. 2002ஆம் ஆண்டின் இந்திய உயிரியற் பன்மைச் சட்டத்தின் கீழ், தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர் மரபுத் தலம் என அறிவிக்கப்பட்டது. மொத்தம் 193 ஹெக்டேயருக்குச் சற்று மேல், அரிட்டாபட்டியில் 139.6, மீனாட்சிபுரத்தில் 53.6 அளவில்.

சரியாக இரண்டு ஆண்டுகள். 2024 நவம்பரில் இந்திய மத்திய அரசின் ஏலத்தில், இப்பகுதியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஹிந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்குப் போனது. பரப்பு 2,015 ஹெக்டேயருக்கு மேல். டங்ஸ்டன் என்பது பழைய மின்குமிழின் இழை. இன்று வெட்டுக் கருவிகளுக்கும் படைக்கலங்களுக்கும் வேண்டிய உலோகம். காகிதத்தில் மரபுத் தலம், அதே காகிதக் கட்டில் இன்னொரு தாளில் சுரங்கம். ஒரு தாளை எழுதியவர் மற்றதை வாசித்தாரா என்பது சந்தேகமே.

அடுத்து நடந்ததுதான் இக்குன்றின் புதிய கல்வெட்டு. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9ஆம் திகதி தமிழ்நாட்டுச் சட்டசபை ஏலத்தை ரத்துச் செய்யுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் திகதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை விவசாயிகள் ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். ஜனவரி 23ஆம் திகதி மத்திய சுரங்க அமைச்சு ஏலத்தை ரத்துச் செய்தது.

எங்கள் முத்துராஜவெலவின் ஒரு பகுதி 1996இல் சரணாலயமாக்கப்பட்டது. மண் நிரப்பும் லொறிகள் அதன் பிறகும் அந்தச் சதுப்பைத் தேடி வந்தன. அரிட்டாபட்டிச் செய்தியை நான் வானொலியில் கேட்ட இரவு, கால்வாய்ப் பக்கமிருந்து தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. கழிஞ்சமலையில் ஷாஹீன் பறப்பதும், நெல்வேலி வெளியனின் பெயர் வெயிலில் காய்வதும் இன்னும் இருக்கின்றன; மதுரைக்குப் போகிறவர்கள் அரைநாள் ஒதுக்கிப் பார்த்து வரலாம். காலையிலேயே ஏறிவிடுங்கள், பத்து மணிக்குப் பிறகு பாறை சுடும்.