நோவை வென்ற கதை

முற்காலச் சத்திரசிகிச்சையில் நோயாளியைப் பலர் அமுக்கிப் பிடிப்பர். வைத்தியரின் கைவேகமே கருணை.

1845 ஏப்ரலில் வங்கத்து ஊக்ளியில், ஸ்கொத்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் எஸ்டெயில், கைதியொருவரின் சத்திரசிகிச்சை நோவை மெஸ்மெரிசத்தால் தணித்தார். பின்னர் அவருடைய இந்திய உதவியாளர் மணிக்கணக்காகக் கையசைத்து நோயாளரைத் துயிலச் செய்தனர். 1846இல் கல்கத்தாவில் இதற்கெனத் தனி வைத்தியசாலையும் தோன்றிற்று.

அவ்வாண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மோர்ட்டன் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கினார். 1847 மார்ச்சில் ஈதர் கல்கத்தாவையும் அடைந்தது. கையசைவு எல்லோரிடத்தும் பலிக்கவில்லை. ஈதரோ சில நிமிடங்களில் பெரும்பாலோரை மயக்கிற்று. ஆகவே அதுவே வென்றது.

பிறர் நோவைத் தம் நோவாக எண்ணுதல் அறம். அதை நீக்கும் வழி மறுமுறையும் பலிக்கின்றதா என ஆராய்தல் அறிவு. இளைஞர்களே, நமக்கு இரண்டும் வேண்டும்.